குரல் தந்தவருக்கு ஆசனம் எங்கே?

(இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனிபா அவர்களின் நூற்றாண்டையொட்டி மருதமுனையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)





வடக்கே பெரியநீலாவணை, தெற்கே பாண்டிருப்பு, கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி என நான்கு எல்லைகளுக்குள் அடங்கிய இந்த மருதமுனை மண்ணிலே, இன்று ஒரு பாடகரைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். அரசியல் மேடையிலே பாடகருக்கு என்ன அலுவல் என்று சிலர் வினவக்கூடும். அந்த வினாவை நாமும் கேட்கத்தான் போகின்றோம். ஆனால் வேறொரு விதமாகக் கேட்போம்.

புலவர்மணி ஷரிபுத்தீனைத் தந்த ஊர் இது. மருதூர்க்கொத்தன் கதை படைத்த ஊர் இது. இத்தகைய ஊரிலே நின்றுகொண்டு நாகூர் ஹனிபா யார் என்று அறிமுகஞ் செய்வது கொல்லன் தெருவிலே ஊசி விற்ற கதையாகும். நோன்பு மாதத்திலே இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியைத் திறந்தால் அந்தக் குரல். கலியாண வீட்டிலே ஒலிபெருக்கி கட்டினால் முதலில் அந்தக் குரல். வட்டையிலே வேளாண்மைக்குக் காவலிருப்போர், வாடியிலே மாட்டிவைத்த றேடியோவில் கேட்டதும் அந்தக் குரல். முஸ்லிம் வீடுகளில் மட்டுமா? பாண்டிருப்பிலும் பெரியநீலாவணையிலும் அந்தக் குரலுக்குக் கதவடைத்தவர் எவருமில்லை. ஆயினும் அவர் பாட்டைக் கேட்டவர் பல்லாயிரவர். அவர் வாழ்க்கையைக் கேட்டறிந்தவர் மிகச் சிலர். அந்த வாழ்க்கையிலேதான் தமிழ் பேசும் மக்களாகிய நமக்கு வேண்டிய செய்தி இருக்கின்றது.

நாகூருக்கும் இந்தக் கரைக்கும் உள்ள உறவு புதிதன்று. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே ஆண்டுதோறும் ஏறும் கொடி யாருடைய பெயரால் ஏறுகின்றது? நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஏறுகின்றது. பாக்கு நீரிணையைத் தோணியிலே கடந்த வணிகரும் மாலுமிகளும் சரக்கை மட்டும் கொண்டு வரவில்லை; பக்தியைக் கொண்டு வந்தார்கள், பாட்டைக் கொண்டு வந்தார்கள். றபானைத் தட்டிக்கொண்டு வீடு வீடாக வந்த பக்கீர் பாவாமாரின் பைத்து நம் முன்னோர் செவியில் விழுந்த காலத்திலேயே ஹனிபாவின் இசைக்கு இங்கே நிலம் பண்பட்டுவிட்டது.

அவர் பிறந்தது 1925 டிசம்பர் 25 ஆம் நாள், இராமநாதபுரம் வெளிப்பட்டணத்திலே. தந்தையின் ஊர் நாகூர். அந்த ஊர்ப் பெயரே அவருக்கு முதற் பெயராயிற்று. சங்கீத வித்துவான் எவரிடத்தும் முறையாக அமர்ந்து பயின்றவரல்லர். பைத்துச் சபையிலே பாடிப் பாடிப் பழுத்த தொண்டை அது. உச்சத்திலே நின்றாலும் உடையாத குரல். ஒலிபெருக்கியில்லாமலே மைதானத்தின் கடைக்கோடிக்கு எட்டும் குரல். சங்கீத சபைகளின் மேடையை அவர் நாடிச் செல்லவில்லை. வாத்தியக்காரர் சிலரைச் சேர்த்துத் தமக்கென ஒரு குழுவை அமைத்துக்கொண்டு கலியாண வீடு, கந்தூரி, மீலாது மேடை, கட்சி மாநாடு என்று ஊர் ஊராகச் சென்றார். அறுபதாண்டுகளுக்கு மேலாக அந்தப் பயணம் நிற்கவில்லை. இலங்கைக்கு வந்தார், மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றார், வளைகுடா நாடுகளுக்கும் சென்றார்.

அவர் தாமே கவி புனைந்தவரல்லர். புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் முதலிய கவிஞர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மெட்டுகளிலே பல அந்நாளில் வெற்றி கண்ட இந்திச் சினிமாப் பாடல்களைத் தழுவியவை. இதனைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. களத்திலே சூடு மிதிக்கும்போது பொலி பாடியவன் மெட்டு யாருடையதென்று கேட்டுக்கொண்டா பாடினான்? மக்களுக்குத் தெரிந்த மெட்டிலே புதிய கருத்தை ஏற்றினால் கருத்து விரைந்து பரவும். ஆயினும் ஒன்று கூற வேண்டும். இந்தி மெட்டை எடுத்து இந்தித் திணிப்பை எதிர்க்கும் இயக்கத்தின் மேடையிலே பாடிய வேடிக்கையைத் தமிழ்நாடு தவிர வேறெங்கும் காண்பது அரிது!

'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற பாடல் அப்துல் சலாம் என்னும் கவிஞர் எழுதியது. அதிலே எந்த மதத்தின் பெயரும் முன்னிறுத்தப்படவில்லை. ஆதலால் இந்துக்கள் வீட்டிலும் கிறிஸ்தவர் வீட்டிலும் அது தங்கள் பாட்டாகவே ஏற்கப்பட்டது. திரைப்படத்துக்கும் அவர் பாடினார், ஆனால் சினிமாக்காரராகிவிடவில்லை. 1961 இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்திலே டி. எம். சௌந்தரராஜனுடன் சேர்ந்து பாடினார். முப்பதாண்டுகளுக்குப் பின் 1992 இல் 'செம்பருத்தி' படத்துக்காக இளையராஜா அவரை அழைத்தார். அழைத்தால் போவார், பாடிவிட்டுத் தம் குழுவிடம் திரும்பிவிடுவார். அவ்வளவே.

இனி அரசியலுக்கு வருவோம். சிறு வயதிலேயே சுயமரியாதை இயக்கத்தின் பால் ஈர்க்கப்பட்டவர் அவர். திருவாரூரிலே கருணாநிதியுடன் இளமையிலே ஏற்பட்ட நட்பு இறுதிவரை நீடித்தது. 1949 செப்டெம்பர் 17 இல் அண்ணாதுரை திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியபோது அந்தப் புதிய கட்சியிடம் பணமில்லை. பெரிய பத்திரிகைகளின் ஆதரவில்லை. வானொலியோ அரசாங்கத்தின் கையில். இருந்தவை இரண்டு: பேச்சும் பாட்டும். ஒரே இரவில் மூன்று ஊர்களிலே பேசிவிட்டுத் தலைவர்கள் நள்ளிரவிலே வந்து சேரும் காலம் அது. அதுவரை கூட்டத்தைக் கலையவிடாமல் கட்டிவைத்திருப்பது யார்? பாடகன்! எழுத்தறியாத விவசாயிக்குக் கட்சியின் கொள்கையைச் சொன்னது யார்? பாடகன்! தலைவரின் சொற்பொழிவு மறுநாட் காலையில் மறந்துபோகும். பாட்டு ஏர்முனையிலும் நாற்று மேட்டிலும் வாயிலே வந்து நிற்கும். 1953 இல் கல்லக்குடியிலே தண்டவாளத்தில் தலை வைத்த கருணாநிதியின் பெயரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றதிலே ஹனிபாவின் பாட்டுக்கு உள்ள பங்கு பெரிது.

அதே 1953 இல் இன்னொன்றும் நடந்தது. கைத்தறி நெசவாளர் வறுமையால் வாடியபோது, அண்ணாவும் அவர் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். தறியின் ஓசையோடு வளர்ந்த மருதமுனையிலே இதனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நூல் விலை ஏறினால் எந்த வீட்டிலே அடுப்பு அணையும் என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. கடவுள் இல்லை என்று பறைசாற்றிய பெரியாரின் மேடையிலே, இறைவனைத் தொழும் முஸ்லிம் ஒருவர் பாடினார். மார்க்கத்தை விட்டுவிட்டா பாடினார்? இல்லை. நபிகள் நாயகத்தைப் புகழ்ந்து பாடிய அதே வாய் அடுத்த நாள் அண்ணாவைப் புகழ்ந்து பாடியது. தலையிலே தொப்பி, நெஞ்சிலே தமிழ். 'நீ முதலில் முஸ்லிமா, முதலில் தமிழனா?' என்று நம் நாட்டிலே ஓயாமல் கேட்கப்படுகின்றதே ஒரு கேள்வி, அதற்கு அவர் விடை கூறவில்லை. அந்தக் கேள்வியை ஒரு கேள்வியாகவே அவர் மதிக்கவில்லை. இந்திய அரசியல் நிர்ணய சபையிலே தமிழுக்காகக் குரலெழுப்பிய காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிபும் அவ்வாறே வாழ்ந்தார். ஒருவர் சபையிலே நின்று சொன்னதை மற்றவர் சந்தியிலே நின்று பாடினார்.

இசைத்தட்டு விஷயத்துக்கு வருவோம். சட்டம் பயின்றவர் என்ற முறையிலே இங்கேதான் நமக்கு ஆவல் மிகுதி. 1950களிலே 'அழைக்கின்றார் அண்ணா' என்ற பாடலைத் தட்டிலே பதிவு செய்ய அவர் விரும்பியபோது, கட்சிப் பாட்டென்று சொல்லிக் கம்பெனி தயங்கியது. அவ்வாறாயின் இஸ்லாமியப் பாடல்களும் பாடித் தரமாட்டேன் என்று ஹனிபா நின்றார். முடிவிலே கம்பெனி இணங்கியது. தட்டும் அமோகமாக விற்றது. தமிழ்நாட்டிலே பலரும் எடுத்துச் சொல்லும் சம்பவம் இது. கம்பெனி கொள்கைக்காக இணங்கவில்லை, விற்பனைக்காக இணங்கியது. தம் குரலுக்குச் சந்தையிலே உள்ள பெறுமதியைத் தம் கொள்கைக்கு ஆயுதமாக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. தொழிற்சங்கத் தலைவர்கள் படிக்க வேண்டிய பாடம்.

கம்பெனிக்கும் பாடகனுக்கும் இடையிலே உள்ள இந்தப் பிணக்கு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அதே காலத்திலே அமெரிக்காவிலே நடந்த ஒன்றை ஒப்புநோக்கினால் விளங்கும். அங்கே கறுப்பு மக்களின் இசைத்தட்டுகளைத் தனியே பிரித்து 'இனத் தட்டுகள்' என்று விற்றார்கள். அந்தப் பெயரின் இழிவை உணர்ந்து 1949 இலே ஒரு வர்த்தகப் பத்திரிகை 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று பெயரை மாற்றியது. பெயர் மாறியதேயன்றிப் பிரிவினை மாறவில்லை. அந்த இசையின் தொடக்க காலக் குழுத் தலைவர்களுள் ஒருவர் ஜோனி ஓட்டிஸ். 1921 இல் கலிபோர்னியாவிலே பிறந்தவர். உண்மையிலே அவர் கறுப்பரல்லர். கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய மளிகைக் கடைக்காரரின் மகன். கறுப்பு மக்கள் வாழும் பகுதியிலே வளர்ந்தார், அவர்களுள் ஒருத்தியை மணந்தார், அவர்களுள் ஒருவராகவே தம்மை எண்ணி வாழ்ந்து மறைந்தார். இரத்தத்தினால் வராத உறவை வாழ்ந்து சம்பாதித்தவர் அவர்.

யுத்தம் முடிந்த 1945 இலே பெரிய வாத்தியக் குழுவொன்றை அவர் நடத்தினார். பின்னர் பதினாறு பேருக்குக் கூலி கொடுக்க எந்த மண்டபத்துக்கும் கட்டுபடியாகவில்லை. ஆகவே குழுவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். சாக்ஸபோனும் கிற்றாரும் முரசும் எஞ்சின. ஆட்கள் குறைந்தனர், தாளம் ஓங்கியது. அந்தச் சிக்கனத்திலிருந்து ஒரு புதிய இசையே உருவாகிவிட்டது. லொஸ் ஏஞ்சல்சின் வாட்ஸ் பகுதியிலே மண்டபம் நடத்தினார். எஸ்தர் என்ற பதினான்கு வயதுச் சிறுமியைப் பாடவைத்து 1950 ஆம் ஆண்டு முழுவதும் விற்பனைப் பட்டியலிலே கொடிகட்டிப் பறந்தார்.

1952 இலே வில்லி மே தோர்ன்டன் என்ற கறுப்புப் பெண்மணி 'ஹவுண்ட் டோக்' என்ற பாட்டைப் பதிவு செய்தபோது முரசு அடித்தவர் ஓட்டிஸ். எழுதியவர்கள் இரண்டு வெள்ளை இளைஞர்கள். 1953 இலே அந்தப் பாட்டு கறுப்பு மக்களிடையே முதலிடம் பெற்றது. 1956 இலே எல்விஸ் பிறெஸ்லி அதையே பாடினார், உலகமெல்லாம் விற்றது. தோர்ன்டனுக்குக் கிடைத்தது சில நூறு டொலர். ஓட்டிஸ், பாட்டை ஆக்கியதிலே தமக்கும் பங்குண்டென்று வழக்குரைத்தார். 1957 இலே நியூயோர்க் கூட்டாட்சி நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. கம்பெனிகள் எல்லாம் கொடியவை, கலைஞர்கள் எல்லாம் தூயவர் என்று மேடையிலே சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடலாம். ஆனால் வழக்கேடு அப்படிச் சொல்லவில்லை. இளைஞர் இருவர் எழுதிய பாட்டிலே தம் பெயரையும் சேர்த்துக் கொண்ட குழுத் தலைவர் அவர். ஒடுக்கப்பட்ட கூட்டத்துக்குள்ளேயும் மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடத்தில் பங்கு கேட்பான். இவ்வளவுக்கும் நடுவிலே, பாட்டைப் பாடி அதற்கு உயிரூட்டிய அந்தப் பெண்மணியின் உரிமையைப் பற்றி அந்த வழக்கிலே எவரும் வாதாடவில்லை!

ஏனென்றால் பாடியவருக்குச் சட்டத்திலே இடமே இருக்கவில்லை. எழுதியவருக்கு உரிமையுண்டு, மெட்டமைத்தவருக்கு உரிமையுண்டு, தட்டை வெளியிட்ட கம்பெனிக்கு உரிமையுண்டு. அதே 1957 இலே இந்தியப் பாராளுமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதிலும் பாடகருக்கு உரிமை தரப்படவில்லை. 1994 இலே அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் பாடுவோருக்கும் ஆடுவோருக்கும் நடிப்போருக்கும் ஓர் உரிமை எழுதப்பட்டது. அப்போது ஹனிபாவுக்கு அறுபத்தெட்டு வயது கடந்துவிட்டது. அவர் குரல் ஒலித்த தட்டுகளிலே பெரும்பகுதி அதற்கு முன்னரே விற்றுத் தீர்ந்தவை. சொத்துரிமைச் சட்டத்தின் கண்ணிலே, நிலத்தை உழுதவன் வேறு, நிலத்துக்கு உறுதி வைத்திருப்பவன் வேறு. வயற்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ?

சட்டப் புத்தகத்திலே இடமில்லாதவருக்குக் கட்சியிலாவது இடம் கிடைத்ததா? 1957 ஆம் ஆண்டை மறுபடியும் பாருங்கள். தி. மு. க. முதன்முதலாகச் சட்டசபைத் தேர்தலிலே குதித்த ஆண்டு அது. நாகப்பட்டினத்திலே ஹனிபா நின்றார், தோற்றார். கட்சிக்குப் பதினைந்து ஆசனங்கள் கிடைத்தன. அவருடையது அவற்றுள் இல்லை. 1967 இலே அதே கட்சி ஆட்சியைப் பிடித்தது. அதன் பின்னர் அவர் சட்ட மேலவை உறுப்பினரானார், வக்பு வாரியத் தலைவரானார். இவை மதிப்புக்குரிய பதவிகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் இவை நியமித்துக் கொடுக்கப்படும் இடங்கள். மக்கள் வாக்களித்து அனுப்பும் சட்டசபை ஆசனம் அவருக்கு வாய்க்கவே இல்லை. 2002 இலே, எழுபத்தாறு வயதிலே, வாணியம்பாடி இடைத்தேர்தலிலே மீண்டும் நிறுத்தப்பட்டார், மீண்டும் தோற்றார். வாணியம்பாடி முஸ்லிம்கள் நிறைந்த தொகுதி. கட்சி வெற்றி பெறும் காலத்திலே பாட அழைத்தார்கள். கடினமான தேர்தலிலே நிற்க அழைத்தார்கள். இதனை வஞ்சகம் என்று நாம் சொல்ல மாட்டோம். அவர் தாமே அப்படிச் சொல்லிக்கொண்டு வெளியேறவில்லை. 1972 இலே எம். ஜி. ஆர். பிரிந்தபோதும் போகவில்லை, 1993 இலே வைகோ பிரிந்தபோதும் போகவில்லை. ஆயினும், கணக்குத் தெரிந்தவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும்: அந்தக் குரலினால் வாக்குப் பெற்றவர்கள் எத்தனை பேர்? அந்தக் குரலுக்கு வாக்களித்தவர்கள் எத்தனை பேர்?

ஜோனி ஓட்டிசின் கதையும் இவ்விடத்திலே ஒத்துப்போகின்றது. அவரும் 1960 இலே கலிபோர்னியாச் சட்டசபைக்கு நின்று தோற்றார். பின்னர் கறுப்பினப் பிரதிநிதி ஒருவரின் அலுவலகத்திலே பணியாற்றினார். 1965 ஓகஸ்டிலே வாட்ஸ் பற்றி எரிந்து முப்பத்து நான்கு உயிர்கள் பலியானபோது, அந்த மக்கள் ஏன் கொதித்தெழுந்தார்கள் என்று புத்தகம் எழுதினார். முதுமையிலே அப்பிள் தோட்டம் வைத்துப் பழச்சாறு விற்றார். 2012 இலே மறைந்தார். தேர்தல் மேடை பாடகரை அழைக்கும். வாக்குப் பெட்டி அவரை அடையாளங் காணாது போலும்.

இப்போது நம் கரைக்கு வருவோம்.

தோழர்களே! 1949 டிசம்பரிலே தந்தை செல்வா தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்தக் கட்சி மொழிந்த 'தமிழ் பேசும் மக்கள்' என்ற சொற்றொடர் சாதாரணச் சொற்றொடரன்று. இனத்தாலும் மதத்தாலும் வேறுபட்டோரை மொழியென்னும் ஒரு கூரையின் கீழ் அழைத்த சொற்றொடர் அது. 1956 தேர்தலிலே இதே கல்முனைத் தொகுதியிலே எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலிலே எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் வேட்பாளர்களாக வென்றார்கள். பின்னர் அரசாங்கப் பக்கம் சென்றார்கள். சென்றவர்களைத் துரோகிகள் என்று ஏசுவது எளிதாயிற்று. கூரையைக் கட்டியபோது வாசல் யார் பக்கம் வைக்கப்பட்டது என்று கேட்டவர் சிலரே. 1977 இலே அஷ்ரப் என்ற இளஞ் சட்டத்தரணி தமிழர் விடுதலைக் கூட்டணிக்காக இந்தக் கரையெங்கும் மேடையேறினார். அந்தத் தேர்தலிலே கூட்டணிக்குப் பதினெட்டு ஆசனங்கள். முஸ்லிம் ஒருவர்கூட அதிலே இல்லை. 1981 இலே அவர் முஸ்லிம் காங்கிரசைத் தோற்றுவித்தார். காரணம் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. மேடையிலே குரல் வேண்டும், சபையிலே ஆசனம் வேண்டாம் என்ற ஏற்பாடு எவ்வளவு காலம் நிலைக்கும்?

அதன் பின் நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்லவே நா கூசுகின்றது. 1990 ஓகஸ்டிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதத்திலே வீரமுனைக் கோயிலிலே தஞ்சம் புகுந்த தமிழர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரிலே யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்திலே விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். கொன்றவர்கள் பேசியது எந்த மொழி என்று கேட்டால் இரு பக்கத்தாரும் தலைகுனிய வேண்டும். ஹனிபாவின் பாடலை இரு வீட்டாரும் கேட்டார்கள் என்று சற்று முன்னர் சொன்னோம். அந்தப் பாடல் அந்த ஆண்டு எவர் கையையும் தடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாட்டு ஒற்றுமையை நினைவூட்டலாம். ஒற்றுமையை ஆக்கித் தராது. அதனை ஆக்குவது ஆசனப் பங்கீடு, காணிப் பங்கீடு, நீதியான நிருவாக எல்லை ஆகியவையே. கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினை எத்தனை ஆண்டுகள் இழுபட்டது என்பதை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுமா? இந்த இரு சமூகத்தின் சட்டத்தரணிகளும் கொழும்பு நீதிமன்றங்களிலே எதிரெதிரே நின்று வாதாடி நேரத்தையும் பணத்தையும் செலவிட்டதிலும், ஒரு மேசையிலே அமர்ந்து எல்லைக் கோட்டை வரைந்திருந்தால் ஒரு போகத்துக்குள்ளே முடிந்திருக்கும்.

ஆகவே சில காரியங்களைத் திட்டமாகச் சொல்கின்றோம். கூட்டங்களிலே முஸ்லிம் தோழர் ஒருவரை வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் மட்டும் அழைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். வேட்பாளர் பட்டியலிலே அவருக்குக் கடைசி இடத்தைக் கொடுத்துவிட்டுத் 'தமிழ் பேசும் மக்கள்' என்று மேடையிலே முழங்குவது கண்கட்டு வித்தை. அதுபோலவே, பள்ளிவாசல் நிருவாகிகளும் வர்த்தகப் பெருமக்களும் தமிழ்க் கிராமத்தின் காணிப் பிரச்சினை வரும்போது அது நமக்குரியதன்று என்று ஒதுங்குவது தகாது. மேட்டு வாய்க்காலை அடைத்தவன் எந்தச் சமூகத்தவனாயினும் பள்ள வயல் காய்ந்தே தீரும். இதனைப் போடியார்மாரும் அறிவர், வயலிலே இறங்கும் கூலிக்காரரும் அறிவர். பட்டதாரிகளுக்குத்தான் சற்று விளக்க வேண்டியிருக்கின்றது.

இசை கூடுமா கூடாதா என்று நம்மிடையே எழுந்துள்ள மார்க்க விவாதத்திலே நாம் தலையிடப் போவதில்லை. அது ஆலிம்களின் பொறுப்பு. ஹனிபாவின் காலத்திலேயே அந்த வினா எழுந்தது. எழுந்தபோதும் அவர் பாடினார், மக்கள் கேட்டனர். நாம் வேண்டுவது ஒன்றே: பாட்டைக் கேளாதவரும் அந்த வரலாற்றை அழிய விடக் கூடாது.

ஏனெனில் அது அழிந்துகொண்டிருக்கின்றது. 2004 டிசம்பர் 26 காலையிலே எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையையும் மருதமுனைக் கரையையும் ஒரே நாளிலே தாக்கியது. அங்கும் இங்கும் உயிர்கள் போயின, வீடுகள் போயின. வீட்டோடு போன ஒலிநாடாக்களையும் தட்டுகளையும் யார் கணக்கெடுத்தார்கள்? 2015 ஏப்ரல் 8 ஆம் நாள் சென்னையிலே, எண்பத்தொன்பது வயதிலே ஹனிபா காலமானார். நாகூரிலே அடக்கஞ் செய்யப்பட்டார். அவருடைய இசைத்தட்டுகளைப் பிறர் பாதுகாப்பர். ஆனால் நம் கரையிலே மீலாது மேடைகளிலும் கலியாண வீடுகளிலும் அவரைப் பின்பற்றிப் பாடிய நம்மூர்ப் பாடகர்களின் குரலை யார் பாதுகாப்பர்? அவர்கள் தட்டிலே ஏறியவர்களல்லர். ஒருசில வீடுகளிலே பெட்டிக்கடியிலே கிடக்கும் நாடாக்களிலே மட்டும் இருக்கின்றார்கள்.

சட்டத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்நாட்டிலே பாடுவோருக்கும் உரிமை தந்திருக்கின்றது. ஆதலால் பாடியவர் அல்லது அவர் வாரிசுகளின் சம்மதத்தை எழுத்திலே பெற்ற பின்னரே எதனையும் வெளியிடுவோம். சம்மதப் பத்திரத்தை நாமே கூலியின்றித் தமிழில் எழுதித் தருவோம். வாசித்துக் காட்டாமல் ஒருவரிடமும் கையொப்பம் வாங்கமாட்டோம். நாடா வைத்திருப்போர் எங்களிடம் விட்டுச் செல்ல வேண்டியதில்லை. பிரதி எடுத்தவுடன் திருப்பித் தரப்படும். பாடியவரின் பெயர், ஊர், பாடிய ஆண்டு, உடன் வாசித்தவர்களின் பெயர் ஆகியவற்றை நினைவிருக்கும் வரையில் சொல்லுங்கள். வாசலருகே இரு தோழர்கள் கொப்பியும் பேனாவுமாக அமர்ந்திருக்கின்றார்கள்; ஒருவர் பெரியநீலாவணையைச் சேர்ந்தவர், மற்றவர் இவ்வூரவர். போகும்போது பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.